கரைக்குக் கீழே ஒரு தீர்த்தம்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தானோ என்னவோ, ஆட்களோடு பேசுகிற வேலையை விட்டுவிட்டு மண்ணோடும் தண்ணீரோடும் மல்லுக்கட்டுகிற வேலையை எனக்குக் கொடுத்தார்கள். அணைகள், குளத்துக் கரைகள், பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள். இவை தாங்குமா, உடைந்தால் யார் தலையில் விழும் என்று பார்த்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. வீடு ஈப்போ சிலிபினில். வாரத்தில் பாதி நாள் ஏதாவது ஒரு கரைமேல் வெயிலில் காய்ந்துகொண்டிருப்பேன்.

அந்த வருடம் கடற்கரைப் பக்கம் ஒரு மின்நிலையத்தின் சாம்பல் குளத்தைப் பார்க்கச் சொன்னார்கள். நிலக்கரியை எரித்து மிஞ்சும் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் அனுப்புவார்கள். சுற்றிலும் மண்கரை எழுப்பிய பெரிய பள்ளத்தில் அது போய்ப் படியும். வருடக்கணக்கில் படிந்து படிந்து, கரையும் உயர்ந்துகொண்டே போகும். தூரத்திலிருந்து பார்த்தால் ஏரி மாதிரிதான் இருக்கும், கொக்குகூட வந்து நிற்கும். குளம் என்றால் ஒரு தாமரையாவது வேண்டாமா என்று கேட்டேன். கூட வந்த மின்நிலையத்து ஆள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

எங்கள் வேலைக்கு இரண்டே கேள்விகள். கரை நிற்குமா? உள்ளே இருப்பது வெளியே கசிகிறதா? காலையில் கரைமேல் நடந்து, குளத்துத் தண்ணீரில் மீட்டரை முக்கி எண்ணைக் குறித்துக்கொண்டேன். தண்ணீரில் என்னென்னவோ கரைந்திருந்தால் அந்த மீட்டரில் எண் ஏறும். நல்ல ஊற்றுத் தண்ணீர் என்றால் கீழேயே கிடக்கும். குளத்தில் அது எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. அதில் ஆச்சரியம் இல்லை.

பிறகு கரையின் அடிக்கு இறங்கினேன். அந்தப் பக்கம் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். பால்மரங்களை வெட்டி எண்ணெய்ச் செம்பனை போட்டபோது ஜனங்கள் ஈப்போவுக்கும் தஞ்சோங் மாலிமுக்கும் பிழைக்கப் போய்விட்டார்கள். நாலைந்து வீடுகளும் ஒரு மாரியம்மன் கோயிலும் மட்டும் மிச்சம். கரையின் அடி நெடுகக் கறுப்புத் துணி விரித்து, மேலே கல் அடுக்கியிருப்பார்கள். தண்ணீர் கசிந்தாலும் மண் அதோடு அடித்துக்கொண்டு போகாமல் தடுப்பது அதுதான். கோயிலுக்கு நேரே, ஒரு லொரி நிற்கிற நீளத்துக்குக் கல்லும் இல்லை, துணியும் இல்லை.

நிமிர்ந்து பார்த்தேன். துணி கோயில் வாசலில் பந்தலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கற்கள் பக்கத்திலேயே வட்டமாக அடுக்கப்பட்டு, வெள்ளையும் காவியும் அடித்து, நடுவில் ஒரு சிமெந்துக் கிணற்று உறை இறக்கியிருந்தது. உறை நிறையத் தண்ணீர். எனக்குக் கோபம் உச்சி மண்டைக்கு ஏறியது. திட்டுவதற்கு வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே விறுவிறுவென்று போனேன்.

"செருப்பக் கழட்டிட்டு வாம்மா," என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

சண்டைக்குப் போகிறவளைச் செருப்பைக் கழற்ற வைத்துவிட்டால் பாதிக் கோபம் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அக்கா. காலையில் அதே மின்நிலையத்தில் துப்புரவு வேலை, மத்தியானத்துக்கு மேல் கோயில். பூசாரி திருவிழாவுக்கு மட்டும் வருவாராம், மற்ற நாளெல்லாம் விளக்கேற்றுவது இவர்தான். கல்லை யார் எடுத்தது என்று கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார்.

"நாங்கதாம்மா எடுத்தோம். கல்லுக்கு அடியில தண்ணி வந்துக்கிட்டே இருந்திச்சி. எவ்ளோ வெயில் அடிச்சாலும் வத்தல. பைப்புல தண்ணி நின்னாலும் இங்க நிக்காது லா. ஆத்தா குடுக்குறா, அத கல்லப் போட்டு மூடி வைக்கலாமா? தோண்டி உறை எறக்கிட்டோம்."

மற்ற வீட்டுக்காரர்கள் அதைத் தலையில் தெளித்துக்கொள்வதோடு சரி. அக்காவின் மகள் விஷயம் வேறு. கல்யாணமாகிப் பல வருடம் குழந்தை இல்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அம்மன் காலடியில் வைத்த செம்புத் தண்ணீரை மூன்று மடக்குக் குடிக்க வைத்தார் அக்கா. இப்போது ஆறு மாதம். "இந்தத் தண்ணிதாம்மா எங்களுக்குப் புள்ள குடுத்திச்சி," என்றவர், செம்பிலிருந்து என் உள்ளங்கையிலும் கொஞ்சம் ஊற்றினார்.

நான் சாமி கும்பிடுகிறவள்தான். கையில் வாங்கிய தீர்த்தத்தைக் குடிக்காமல் விடுவது மரியாதை இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. தலையில் தடவிக்கொண்டேன். அக்கா பார்த்துவிட்டார்.

"ஏன்மா, குடிக்கலயா?"

போய் உறைக்குள் மீட்டரை முக்கினேன். மேலே குளத்தில் காட்டிய அதே எண். குனிந்து பார்த்தேன். அடியில் ஓரிடத்திலிருந்து, சாம்பிராணிப் புகை மாதிரி, சாம்பல் நிறத்தில் ஏதோ மெல்ல எழுந்துகொண்டிருந்தது. தெளிந்த கசிவு என்றால் கொஞ்ச நாள் பொறுக்கலாம். கலங்கி வந்தால் கரை உள்ளுக்குள் கரைகிறது என்று பொருள். ஓட்டை பெரிதாகிக்கொண்டே உள்நோக்கிப் போகும். அடைமழை நாள் ஒன்றில் குளம் மொத்தமும் அந்த வீடுகள்மேல் இறங்கும்.

சொன்னேன். சுற்றி வளைக்கத் தெரியாது எனக்கு. இது ஊற்று இல்லை, சாம்பல் குளத்துக் கசிவு, இதில் ஆர்சனிக் மாதிரி விஷம் கரைந்திருக்கலாம், சோதனை முடியும்வரை யாரும் வாயில் வைக்கக்கூடாது, இன்றைக்கே மூட வேண்டும்.

அக்கா அம்மனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "மூடுறத மூடிக்கோம்மா. ஆத்தா கோவிச்சிக்க மாட்டா. என் மவளுக்கு நான்தானம்மா ஊத்தி ஊத்திக் குடுத்தேன்? வயித்துல இருக்குற புள்ளைக்கு என்ன ஆகும்?"

தெரியாது என்றேன். அது உண்மை. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னபோது என் தொழில்மேலேயே வெறுப்பு வந்தது. முந்தைய வருட அறிக்கையில் இந்த இடத்துக்கு மஞ்சள் கட்டம் போட்டிருந்தார்கள், 'நடுத்தர அபாயம்' என்று. எழுதியவர் யாரோ, கோயிலுக்குள் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

மின்நிலையத்துக்குப் போன் போட்டேன். அடுத்த வாரக் கூட்டத்தில் பேசலாம் என்றார் ஒருவர். நான் கத்திய கத்தில் செம்பனைத் தோப்பில் வேலை செய்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் மணலும் ஜல்லியும் லொரியில் வந்து இறங்கின. கரை சீராகும்வரை வீட்டுக்காரர்கள் தங்க மின்நிலையத்து விருந்தினர் விடுதியைத் திறந்துவிடச் சம்மதித்தார்கள். அக்கா உறையின் விளிம்பில் கற்பூரம் ஏற்றி, "பொறுத்துக்க தாயே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு விலகி நின்றார். முதலில் மணல், அதன்மேல் பொடி ஜல்லி, அதன்மேல் கல். தண்ணீர் வெளியே வரலாம், மண் வரக்கூடாது. அவ்வளவுதான் அதன் சூட்சுமம். சாயங்காலத்தில் கல்லிடுக்கிலிருந்து தண்ணீர் தெளிவாக வர ஆரம்பித்தது. எனக்கு மூச்சு வந்தது. அக்காவுக்கு வரவில்லை. பந்தலடியில் சுருண்டு உட்கார்ந்திருந்தார்.

கிளினிக்குக்குப் போயிருந்த மகள் அப்போதுதான் திரும்பினாள். அக்கா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நான் பாவி. வெசத்தக் கரைச்சி ஒனக்கு ஊத்திட்டேன்."

விஷயம் என்னவென்று நான் சொன்னேன். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். தப்புப் பண்ணி மாட்டிக்கொண்டவள் மாதிரி முகம்.

"அம்மா, திட்டாதம்மா. நான் அதக் குடிச்சதே இல்ல. அந்த வாடை எனக்குக் கொமட்டும். உதட்டுல தொட்டுட்டு செம்ப அப்படியே சாமிகிட்ட வச்சிருவேன். நீ மனசு ஒடஞ்சி போவேன்னு சொல்லல."

இப்படியொரு பொய்க்கு நான் யாரையும் இவ்வளவு சந்தோஷமாக மன்னித்ததில்லை. வாய்விட்டுச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. ஏதோ கணக்குப் பார்க்கிறவர் மாதிரி நின்றார்.

"தீர்த்தத்தக் கீழ ஊத்தக்கூடாதுல்ல," என்றார் மெதுவாக. "செம்புல மிச்சம் இருக்கேன்னு வாராவாரம் நான்தான் எடுத்துக் குடிப்பேன். ஒரு சொட்டு விட மாட்டேன்."

மகளுக்கு முகம் வெளிறிப்போனது. "அம்மா," என்று அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அக்காவின் முகம்தான் அந்த நாளில் முதல் தடவையாகத் தெளிந்தது. "அப்ப குடிச்சது நான்தானா? நல்லதாப் போச்சு லா."

"காடியில ஏறுங்கக்கா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்," என்றேன். எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன் என்றவரை இரண்டு பேருமாகப் பிடித்துக் காரில் ஏற்றினோம். பின்சீட்டில் மகள் அழுதுகொண்டே வந்தாள். அக்கா அவள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, பத்து காஜா ஆஸ்பத்திரி வரைக்கும் சிரித்த முகமாகவே வந்தார்.