ஊதா முகத்தோடு செய்தி வாசித்தவர்

பாஷா பாயை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஓசூர் பஸ் நிலையத்தில். ஜவளகிரி பஸ்ஸில் ஒரு கலர் டிவி பெட்டியைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தார். அவர் விற்பார், நான் பழுது பார்ப்பேன். எண்பதுகளின் கடைசியில் எங்கள் கடை அப்படித்தான் ஓடியது.

டிவி ரிப்பேர் என்பது, கெடாத பெட்டியைக் கெடவில்லை என்று நம்ப வைக்கிற தொழில். இதில் கிடந்து அவதிப்பட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. "கலர் கெட்டா நானே திருப்பி எடுத்துக்கறேன்" என்று பாய் எல்லா வீட்டிலும் வாக்குக் கொடுத்திருந்தார். நாலு பெட்டி திரும்பி வந்தால் கடையை மூட வேண்டியதுதான்.

பாதி முகம்

பாகலூர் நஞ்சப்பா வீட்டு டிவியில் செய்தி வாசிப்பவருக்குப் பாதி முகம் ஊதா. டிவியை ஒட்டி இடுப்புயர ஸ்பீக்கர். அதற்குள் இருக்கும் காந்தம்தான் காரணம். படக்குழாயின் பின்னாலிருந்து மின்துகள்கள் திரைக்குப் பாய்ந்து வருகின்றன. திரையில் இருக்கும் சிவப்புப் புள்ளியில் விழ வேண்டியதைக் காந்தம் வளைத்து, பக்கத்து நீலப் புள்ளியில் விழ வைக்கிறது. புத்தகம் பார்த்து நானே கற்றுக்கொண்ட இதைச் சொன்னேன். நஞ்சப்பா கொட்டாவி விட்டார்.

பாய் குறுக்கிட்டார். "சும்மா நிக்கிற மின்சாரத்தைக் காந்தம் ஒண்ணும் பண்ணாதுண்ணா. ஓடினாத்தான் வம்புக்கு வரும். அப்பவும் நிறுத்தாது, பக்கவாட்டுல திருப்பி விட்டுடும்." நான் அவருக்கு ஒரு வாரம் சொன்னதை ஒரே மூச்சில் முடித்துவிட்டார். ஸ்பீக்கரை நகர்த்தி, பெட்டியை அணைத்து ஆறவிட்டுப் போட்டோம். ஆறிய பெட்டியைப் போடும்போது, திரையில் ஒட்டியிருக்கும் காந்தத்தை உள்ளே ஒரு கம்பிச்சுருள் அழித்துவிடும். முகம் தெளிந்தது.

"எங்க மச்சான் மாதிரின்னு சொல்லுங்க பாய்," என்றார் நஞ்சப்பா. "நான் உழவுக்குக் கெளம்பினா டீக்கடைப் பக்கம் திருப்பி விட்டுடுவான்."

பெங்களூர் பார்த்த பெட்டி

அதே வீட்டிலிருந்து மறுபடி ஆள் வந்தது. தமிழ் நன்றாக வருகிறது, கன்னடம் மட்டும் ஊதாவாக வருகிறது, பெட்டியை எடுத்துக்கொண்டு போங்கள் என்று. போய்ப் பார்த்தோம். மாடியில் நஞ்சப்பா ஆன்டெனாவைப் பெங்களூர் பக்கம் திருப்பிக்கொண்டே, கன்னடம் பாதி தமிழ் பாதியாக "பந்துச்சா? பந்துச்சா?" என்று கூவினார். கீழே அவர் மனைவி ரத்னம்மா, ஓடிக்கொண்டிருந்த டிவியையே தூக்கிப் பெங்களூர் பக்கம் திருப்பி வைத்தார்.

பூமியும் ஒரு காந்தம். பெட்டி திசை மாறினால் துகள்கள் விழும் இடமும் கொஞ்சம் பிசகும். நான் பூமியிலிருந்து ஆரம்பிக்க வாயெடுத்தேன். பாய் என் தோளைத் தொட்டு நிறுத்தினார். "அக்கா, ஆன்டெனாதான் காது. டிவி வாய். காதைத் திருப்புங்க, வாயை எதுக்குத் திருப்பறீங்க?"

ரத்னம்மா மாடியைப் பார்த்தார். "இந்த வீட்டு வாயை யாராலயும் திருப்ப முடியாது பாய்."

டிவியைப் பழைய பக்கமே திருப்பி வைத்ததும் கன்னடமும் தெளிந்தது. பெட்டி அங்கேயே தங்கியது.

ஜவளகிரி

ஓசூரில் நான் பார்த்த அந்த பஸ்ஸில் போன பாய், மாதம்மா என்பவர் வீட்டு இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில் பெட்டியை இறக்கி வைத்தார். தண்ணீர் கேட்டு உட்கார்ந்தவர் எழவில்லை. மாரடைப்பு. என் மனைவி இறந்த வாரம் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் என்னோடு உட்கார்ந்திருந்த மனுஷன்.

அந்தப் பெட்டியும் ஓரத்தில் ஊதாவாகத்தான் ஓடுகிறது என்று பிறகு கேள்விப்பட்டேன். பாய் கொடுத்த வாக்கு இனி என் பொறுப்பு. திருப்பிக் கேட்டால் எடுத்துக்கொள்ளத் தயாராகப் போனேன். பீரோவில் காந்தம் ஏறியிருந்தது. டிவி இருந்த மேஜையை நகர்த்தக் கை வைத்தேன்.

"பாய் தன் கையால வெச்சதுங்க," என்றார் மாதம்மா. "ஊதாவா இருந்தா இருந்துட்டுப் போவுது. நகத்தாதீங்க."

பாய் விற்ற பெட்டிகளில், கலர் கெட்டபடியே இருந்தும் யாரும் குறை சொல்லாத ஒன்று, ஜவளகிரியில் ஒரு பீரோவுக்குப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது.