"போன் பண்ண வேண்டாம்" என்று சொன்ன மெயில்

இன்று காலை ஸ்டாஃப் ரூமில், செண்ட் பட்டனுக்கு மேலே என் விரல்...

(இதை அவசரமாக டைப் செய்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் டீச்சரைக் கிண்டல் செய்யாதீர்கள்!)

தாம்பரம் பக்கம் ஒரு பள்ளியில் நான் ஏழாம் வகுப்பு டீச்சர். என் மகளும் அங்கேதான் மூன்றாவது படிக்கிறாள். சேலையூரிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் போய் வருகிறோம்.

மெயிலைத் திறந்தால், கரஸ்பாண்டென்ட் சார்! பள்ளியை நடத்துபவரே எனக்கு மெயில் போட்டிருக்கிறார்!

"பாதுகாப்பு ஆய்வு. உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் போட்டோ, வீட்டு முகவரி, வேன் நம்பர், மாலையில் யார் கூட்டிப்போவார்கள் என்ற விவரம் உடனே அனுப்பவும். மீட்டிங்கில் இருக்கிறேன். போன் பண்ண வேண்டாம்."

அந்த லிஸ்ட் எல்லா கிளாஸ் டீச்சரிடமும் தயாராகவே இருக்கும். இரண்டே நிமிடத்தில் அட்டாச் செய்துவிட்டேன்.

பக்கத்தில் மேத்ஸ் எடுக்கும் பானு மிஸ்.

"இன்னா மிஸ், காலங்காத்தால இப்படி வேர்க்குது?"

"கரஸ் மெயில் போட்டிருக்காரு. உடனே வேணுமாம்."

என் போனை வாங்கிப் படித்தார். முகம் மாறிவிட்டது.

"மிஸ், போன் பண்ணாதீங்கன்னு அவரு ஏன் எழுதணும்? நாம என்னைக்கு அவருக்குப் போன் பண்ணியிருக்கோம்?"

உண்மைதான். பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட இல்லை. லீவு வேண்டுமென்றாலும் ஆபீஸில் சொல்வோம், ஆபீஸ் அவரிடம் சொல்லும். அவர் வராண்டாவில் வந்தால் கிடைத்த வகுப்புக்குள் நுழைந்துகொள்வோம். (ஒருமுறை நான் பாய்ஸ் டாய்லெட்டுக்குள்ளேயே போய்விட்டேன்!)

பானு மிஸ் அனுப்பியவர் பெயரைத் தொட்டுப் பார்த்தார். பெயர் சாருடையது. கீழே இருந்த மெயில் ஐடி எங்கள் பள்ளியுடையதே இல்லை.

"இப்பவே அவருக்குப் போன் போடுங்க."

"நானா?!"

ஆபீஸில் நம்பர் வாங்கிப் போட்டேன். மெயில் அனுப்பிய திருடனைவிட அவரை நினைத்துத்தான் அதிகம் பயந்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

"சார்... மன்னிச்சுக்கோங்க சார்... அந்த மெயில்..."

"எந்த மெயில்மா? நான் எதுவும் அனுப்பலையே!"

மெயிலில் இருந்ததைச் சொன்னேன். அவர் பதறிவிட்டார்.

"எல்லா டீச்சர்ஸையும் நிறுத்துங்க. ஓடுங்கம்மா!"

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினோம். நிறைய பேர் மெயிலையே பார்க்கவில்லை. இரண்டு பேர் அனுப்பப் போகிற நேரம். போன் பண்ணிக் கேட்போம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை!

கடைசியாக மூன்றாம் வகுப்பு, ஏ பிரிவு. ஸ்டெல்லா மிஸ், இந்த வருடம்தான் சேர்ந்தவர்.

"நான் ஏழு மணிக்கே அனுப்பிட்டேனே அக்கா! சார் கேட்டு லேட் பண்ணா தப்பா நினைப்பாருன்னு..."

அது என் மகளின் வகுப்பு.

அந்த லிஸ்ட்டில் ஒன்பதாவது வரி அவள். போட்டோ. எங்கள் கதவு எண். "கூட்டிப்போவது: அம்மா. ஸ்கூட்டி. 4.10."

ஸ்டெல்லா அழுதார். திட்ட வாய் வரவில்லை, நானும் ஒரு விரல் தூரத்தில்தானே இருந்தேன்.

சைபர் கிரைமில் புகார் கொடுத்தாயிற்று. எல்லாப் பெற்றோருக்கும் போன் செய்தாயிற்று. மதியம் கரஸ்பாண்டென்ட் சாரே ஸ்டாஃப் ரூமுக்கு வந்து, போர்டில் தன் நம்பரை எழுதினார்.

"எப்ப வேணா கூப்பிடுங்கம்மா. உங்களை இப்படிப் பயப்பட வச்சது என் தப்பு."

நண்பர்களே, மெயிலில் "போன் பண்ண வேண்டாம்" என்று இருந்தால், முதல் வேலையாகப் போன் பண்ணுங்கள். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும்!

மாலை நான்கு பத்துக்குக் கிளம்பவில்லை. ஐந்து மணிக்குத்தான் மகளை ஏற்றிக்கொண்டேன். வழக்கமாகப் போகும் கேம்ப் ரோடு பக்கமே போகாமல் சந்து சந்தாகச் சுற்றினேன். பின்னால் வந்த ஒவ்வொரு பைக்கையும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

"ஏம்மா, இன்னைக்கு வேற வழியா போறோம்?"

அடுத்த சந்தில் வண்டியைத் திருப்பினேன்.