பட்டை போட்ட சாமி

எங்கள் வீட்டுச் சாமித் தட்டில் ஒரு நிலக்கரித் துண்டு இருக்கிறது. கறுப்பு. நடுவில் விரல் அகலத்துக்கு வெள்ளைக் கோடு. போன வாரம் ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து வந்த தங்கை மகள் அதை ஈரக் கையால் தேய்த்துப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள்.

"மாமா, இந்தக் கோடு எரிமலைச் சாம்பல். அந்தக் காலத்துச் சதுப்புல வந்து விழுந்திருக்கு. சுத்தி இருந்த மரமெல்லாம் மக்கிக் கரியாயிருச்சு. சாம்பல் மட்டும் களிமண்ணா மாறிருச்சு."

"சாம்பலா?" என்றேன். சிரிப்பு வந்துவிட்டது. அடுப்படியில் என் மனைவி சரசுவும் சிரித்தாள்.

நீராவி எஞ்சின் ஓடிய காலத்தில் பதுளை ஸ்டேசனில் எனக்குக் கரி பொறுக்கும் வேலை. எஞ்சினில் ஏற்றுமுன் கோடு போட்ட துண்டுகளை விலக்க வேண்டும். கோடு எரியாது. அடுப்புக் கம்பி இடுக்கை அடைக்கும், ஆவி இறங்கிவிடும். திருநீறு பூசிய நெற்றிபோல இருக்கிறதா, எஞ்சின் அடுப்பில் கரி தள்ளும் முத்தையா 'பட்டை போட்ட சாமி' என்று பேர் வைத்தான். பிறகு யார் மிதிப்பது? சுவரோரம் மரியாதையாக அடுக்கி வைப்போம்.

எனக்குக் கல்யாணம் அப்புத்தளையில். சரசுவின் தாய்மாமனுக்கு என்னைப் பிடிக்கவில்லை. "நேரம் தப்புனா பொண்ணு இல்ல" என்று சொல்லியிருந்தார். காலை ரயிலில் புது வேட்டியோடு ஏறினேன். தெமோதரை தாண்டி ஏற்றத்தில் ரயில் முக்கியது. நின்றுவிட்டது.

எஞ்சினிலிருந்து முத்தையா கத்தினான். "மாப்ள, எறங்கி வாடா! தொட்டி பூரா ஒஞ் சாமிதான்!"

கல்யாண வண்டி சாமி இல்லாமல் போகலாமா என்று, சுவரோரம் இருந்த அத்தனையையும் என் கூட்டாளிகள் பக்தியோடு ஏற்றிவிட்டிருந்தார்கள்.

"அவனுங்க பக்தில இடி விழ!" என்றேன்.

வேட்டியை மடித்துக் கட்டிக் கரித்தொட்டியில் ஏறினேன். "கோவிச்சுக்காத சாமி" என்று ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் விட்டேன். ஒன்றை மட்டும் மடியில் வைத்துக்கொண்டேன். முத்தையா அடுப்பைக் கிளறினான். ரயில் கூவியது.

பந்தலுக்குள் ஓடியபோது மேளக்காரர்கள் கிளம்ப எழுந்தே விட்டார்கள்.

"மாப்பிள்ள எங்க?" என்றார் தாய்மாமன்.

"அந்தா மாமா, பல்லு மட்டும் தெரியுது பாருங்க. அவருதான்" என்றாள் சரசு.

பந்தலே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். தாலிக்கயிற்றின் மஞ்சளில் என் கரிவிரல் பதிந்தது.

இப்போது ஓடுவது டீசல். கரியும் இல்லை, அந்தச் சுவரும் இல்லை. முத்தையாவும் போய்விட்டான். இருந்திருந்தால் பஸ் ஏறிப் போய்ச் சொல்லியிருப்பேன்: டேய், நீ சும்மா வெச்ச பேரு. உள்ள இருந்தது நெசமாவே சாம்பல்தான்டா.