குழாயை மூடப் போன தம்பி

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு பங்குனி மாதக் காலை. அன்னவாசல் கடைவீதியில் மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பினேன். பக்கத்தில் நின்ற தம்பியைக் காணவில்லை. அவனுக்கு முப்பத்து நான்கு வயது. மனசு மட்டும் ஐந்து வயதுப் பிள்ளையுடையது. "அக்கா" என்பதைத் தவிர வேறெதுவும் தெளிவாகப் பேச வராது. ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறிவிட்டான் என்று பூக்கார அம்மா சொன்னார். எந்த பஸ் என்று அவருக்கும் தெரியவில்லை.

மதியம் வரை தேடிவிட்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் காவலர், போட்டோவை வாங்கிக்கொண்டு கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். சட்டை நிறம், தழும்பு, எப்படி நடப்பான், என்ன பழக்கம். எனக்குப் பொறுக்கவில்லை.

"டைப் அடிச்சுக்கிட்டே இருந்தா எப்படிங்க? எங்கிட்டாவது போய்த் தேடுங்களேன்!" என்று கத்திவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "தேட ஆள் போயிருக்குக்கா. ஆனா அவரு எந்த ஊருல எறங்குவாருன்னு நமக்குத் தெரியாதுல்ல? இதுல ஏத்திட்டா மத்த மாவட்டத்து ஸ்டேஷன்லயும் பாப்பாங்க. அவங்க ஏத்துறத நானும் பாப்பேன். வேற ஏதாச்சும் பழக்கம் இருந்தா சொல்லுங்க."

சொல்லக் கூச்சமாக இருந்தது. எங்கே தண்ணீர் சொட்டினாலும் தம்பிக்குத் தாங்காது. முன்பின் தெரியாத வீடானாலும் உள்ளே போய்க் குழாயை மூடிவிட்டுத்தான் வருவான். இதற்காக எத்தனையோ பேரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அவர் சிரிக்காமல் அதையும் டைப் செய்தார்.

மறுநாள் காலை அவரே போன் செய்தார்.

"அக்கா, பக்கத்து மாவட்டத்துல ஒண்ணு ஏத்தியிருக்காங்க. பேரு தெரியாத ஆளு, ஒரு வீட்டுக் கொல்லைக்குள்ள பூந்துட்டாருன்னு ஊர்க்காரங்க புடிச்சுக் குடுத்திருக்காங்க. எதையும் எடுக்கலயாம். குழாயை மூடிக்கிட்டு நின்னாராம். நான் பேசிட்டேன், நம்ம ஆளுதாங்க்கா. கெளம்பி வாங்க, போவோம்."

போய்ப் பார்த்தால் நெற்றியில் பிளாஸ்திரி. திருடன் என்று நினைத்து யாரோ அடித்திருக்கிறார்கள். அந்த ஸ்டேஷன் ஏட்டய்யா வாங்கிக் கொடுத்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, இட்லி தின்றுகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் "அக்கா" என்று கையிலிருந்த பாதி இட்லியை நீட்டினான். அழுதுகொண்டே வாங்கித் தின்றேன்.

திரும்பி வரும்போது, கத்தியதற்காக அந்தப் பெண் காவலரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட விடுங்கக்கா. எங்கண்ணன் காணாமப் போயிருந்தா நான் மேசையையே பொரட்டியிருப்பேன்" என்றார்.

அதுவரை யாராவது தம்பியைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். இப்போது கண்டக்டர், டீக்கடைக்காரர், வங்கி வாட்ச்மேன் என்று எல்லாரிடமும் நானே போய்ச் சொல்லி வைக்கிறேன். அவனைத் தெரிந்தவர்கள் எவ்வளவு தூரத்துக்கு இருக்கிறார்களோ, அவ்வளவு தூரத்துக்கு அவன் பத்திரமாக இருக்கிறான்.