இரண்டாவது போர்ட்டின் கடிகாரம்

அன்று காலை சிஹானாவின் எண்ணுக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தேன். காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தவளிடம் வேலையைப் பற்றிக் கேட்டிருக்கக் கூடாதுதான். பதிலாக ஒரு குரல்பதிவு வந்தது. பேசியவர் அவளுடைய மூத்த சகோதரி, ராத்தா. "புள்ள, அவ மௌத்தாகிட்டா. அசர் தொழுகைக்குப் பிறகு சாய்ந்தமருதில அடக்கம். நீங்க கேட்டதுக்கு என்ன பதில் சொல்ற எண்டு எனக்கு வெளங்கல்ல." அந்தப் பதிவை நான் இன்னும் அழிக்கவில்லை.

கல்முனையில் ஒரு மருந்துக் கடையின் மேல்மாடியில் நானும் அவளும் நான்கு வருடம் ஒரே மேசையில் இருந்தோம். வயல் வட்டைகளின் வாய்க்கால்களில் நீர்மட்டத்தை அளந்து செய்தி அனுப்பும் பெட்டிகளைச் செய்வது எங்கள் வேலை. என்னைவிட ஒரு வயது மூத்தவள். அதைச் சொல்லியே தினமும் பிளேன்டீயை என்னை ஊற்ற வைப்பாள். எங்களுக்கு மடிக்கணினி ஒன்று. அதில் இருந்த கணக்கும் ஒன்று, அவள் பெயரில். யார் எதை எழுதினாலும் பதிவில் அவள் பெயர்தான் விழும். நாங்கள் அதைப் பொருட்படுத்தியதில்லை.

பெட்டிக்குள் இருக்கும் மின்னணுப் பலகையில், கருவிகளை இணைக்க இரண்டு சீரியல் போர்ட்கள். ஒன்றில் செய்தி அனுப்பும் மோடம், மற்றதில் நீர்மட்டக் கருவி. இரண்டையும் இயக்குவது, சீரான மின்துடிப்பைத் தரும் ஒரே கடிகாரம். பலகையில் எது எதை நம்பி இருக்கிறது என்று மென்பொருளுக்குச் சொல்லும் 'டிவைஸ் ட்ரீ' கோப்பை நான் எழுதினேன். மோடத்தின் போர்ட்டுக்குக் கீழே கடிகாரத்தைக் குறித்தேன், மற்றதற்குக் குறிக்கவில்லை. குறிக்காமலே ஓடியது.

"ஓடுது" என்றேன்.

"ஓடுறதெல்லாம் சரியில்ல, புள்ள" என்றாள், திரும்பிப் பார்க்காமல். அன்று அவளுக்குப் பல்வலி.

மேசையில் மோடத்தை நாங்கள் அணைத்ததே இல்லை, அதனால்தான் ஓடியது. வயலில் மின்கலத்தின் சக்தியைச் சேமிக்க, செய்தி போனதும் அது அணைந்துகொள்ளும். கடிகாரத்தை வேறு யாரும் கேட்கவில்லை என்று நினைத்து, மென்பொருள் அதையும் நிறுத்திவிடும்; அதோடு நீர்மட்டக் கருவியும் நின்றுவிடும். வயல்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஒரு நாள், அதைப் பங்கிடும் வட்டவிதானை தொலைபேசியில் கத்தினார்: "தங்கச்சி, ஒங்கட பெட்டி ஊமையாப் பெய்த்து! கடைசி வயலுக்குத் தண்ணி வந்ததா இல்லையா எண்டு இஞ்ச அடிபிடி!"

பின்னேரத்துக்குள் காரணத்தைக் கண்டுபிடித்தவள் சிஹானாதான். "இது என்ட மதினி மாதிரி. பக்கத்தில இரிக்கிறவ எழும்பிப் போனா இவவும் வாய மூடிருவா" என்று சிரித்தாள்.

மறுநாள் எங்கள் பொறுப்பாளர் பதிவைத் திறந்தார். "சிஹானா, இது நீங்க எழுதினதா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஓம் சேர்" என்றாள்.

பொத்துவிலில் புதிய பெட்டிகளைப் பொருத்தும் வேலைக்கு அவள் தலைமை தாங்குவதாக இருந்தது. அது எனக்கு வந்தது. நான் புறப்பட்ட அன்று தன் திருப்புளிப் பெட்டியை என் பையில் வைத்தாள். "வாய்க்காலுக்குள்ள விழுந்தா நீதான் குதிச்சி எடுக்கணும்."

நான் பொத்துவிலில் இருந்த வாரத்தில் அவள் அந்தக் கோப்பை எழுதுவதற்கான விதியையே திருத்தியிருந்தாள். இனி ஒவ்வொரு போர்ட்டும் கடிகாரத்தைக் குறிப்பிட வேண்டும். குறிப்பிடாத கோப்பு சோதனையைத் தாண்டாது. திரும்பி வந்ததும், "நான் சேரிட்ட சொல்றன்" என்றேன்.

"இப்ப ஏன்? பெட்டி கதைக்குதுதானே. நீ பிளேன்டீய ஊத்து."

அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். அது என் வசதிக்கு நான் செய்த மொழிபெயர்ப்பாகவும் இருக்கலாம். இனி அவளிடம் கேட்க முடியாது.

அடக்கம் முடிந்த பிறகு, அவள் வீட்டு வாசலில் நின்ற எங்களிடம் சேர் சொன்னார்: "அந்த ஒரு பிழைக்குப் பிறகு எவ்வளவு கவனமா இருந்த பிள்ள." அன்போடுதான் சொன்னார். நீங்கள் எல்லோரும் தலையசைத்தீர்கள். நானும் அசைத்தேன்.

அந்தப் பிழை அவளுடையது அல்ல. நான் செய்தது. அவளை அறிந்த உங்களிடம் இதைச் சொல்லவே எழுதுகிறேன். சேரிடம் இன்று காலை நேரிலேயே சொல்லிவிட்டேன்.

அவளுடைய திருப்புளிப் பெட்டி என்னிடம் இருக்கிறது. ராத்தா அதைத் திரும்ப வாங்க மறுத்துவிட்டார். அவள் எழுதிய விதியும் இருக்கிறது. நேற்றுப் புதிய பலகை ஒன்றுக்குக் கோப்பு எழுதினேன். இரண்டாவது போர்ட்டில் கடிகாரத்தை மறுபடியும் மறந்திருந்தேன். சோதனை அதை ஏற்கவில்லை. விட்டுப்போன வரியைச் சேர்த்து, கோப்பை என் பெயரில் பதிந்தேன்.