தைலம் பூச ஓர் ஆள்

எலும்புப்புரை என்று டொக்டர் குளிசை தந்தார். கூடவே பிளாக்டவுனில் ஓர் ஆயுர்வேத வைத்தியரிடமும் போனேன். காலை வெயிலில் நடக்கவும், எள்ளும் குரக்கனும் சாப்பிடவும், முதுகில் தினமும் தைலம் பூசவும் சொன்னார்.

"வீட்டில ஆர் பூசி விடுறது?"

"மனிசி" என்றேன்.

வேலை தேடி ஊர் ஊராக அலைந்ததில் நான் கல்யாணமே செய்யவில்லை. நார்த்மீட்டில் ஒரு வாடகை அறையில் தனியாக இருக்கிறேன். அகப்பைக் காம்பில் துணியைச் சுற்றி நானே பூசினேன்.

அடுத்த முறை வைத்தியர் முதுகைத் தடவிப் பார்த்துச் சிரித்தார்.

"அவவுக்கு உங்களில என்ன கோவம் அங்கிள்? நடு முதுகு காய்ஞ்சு கிடக்கு. கூட்டிக்கொண்டு வாங்கோ, பூசுற முறையைக் காட்டிவிடுறன்."

"ஓம்" என்றேன்.

பிறகு அங்கே போகவில்லை. குளிசையும் நடையும் குரக்கனும் தொடர்கின்றன. மிச்சத் தைலத்தை முழங்காலில் பூசி முடித்தேன்.