தட்டினாரா, அடித்தாரா

“...தட்டுனா திரும்பிப் பாப்போம் சார், அடிச்சா குனிஞ்சுக்குவோம். நான் குனிஞ்சேன். இந்தாண்ட அண்ணன் இருக்காரே, அவரையே கேளுங்க.”

இந்தாண்ட அண்ணன் நான்தான். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில், மேனேஜர் அறையில், சாட்சியாக உட்கார்ந்திருந்தேன். பேசியவள் எங்கள் லைனில் வேலை செய்பவள்; மடித்து ஒட்டிய தோல் ஓரத்தைச் சின்னச் சுத்தியால் தட்டிப் படிய வைப்பாள். அன்று காலை ஒரு ஜோடியில் மடிப்பு கோணலாகிவிட்டதென்று சூப்பர்வைசரின் கை அவள் பின்மண்டையில் விழுந்தது. விழுந்ததையும் பார்த்தேன், அவள் குனிந்ததையும் பார்த்தேன். அப்படியே சொன்னேன்.

“அது சரிப்பா. அடின்னு எழுதுறதா, தட்டுன்னு எழுதுறதா?” என்றார் மேனேஜர். தட்டினார் என்றால் பேச்சு அத்தோடு முடிந்தது. அடித்தார் என்றால் சூப்பர்வைசரை லைனை விட்டு எடுத்தாக வேண்டும்.

சூப்பர்வைசர் அவளைவிட வயதில் சின்னவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கராத்தே சொல்லிக்கொடுப்பவர்.

“கூப்ட்டேன், அக்கா திரும்பல, தட்டினேன். நான் பிளாக் பெல்ட்டு சார். இந்தக் கையி அடிச்சிருந்தா அக்கா இங்க உக்காந்து பேசிக்கினு இருப்பாங்களா?”

“வாயிதான் அக்கான்னுது. கையி இன்னான்னுச்சு?” என்றாள் அவள்.

இந்தக் காரியத்துக்கு எங்கள் பேச்சில் சொல் கம்மியில்லை. சொந்தப் பிள்ளையை ‘ரெண்டு போட்டேன்’ என்போம். அதில் உரிமை இருக்கிறது. அதே பிள்ளையை அடுத்த வீட்டுக்காரர் தொட்டால் ‘கை வச்சுட்டான்’. அங்கே சண்டை ஆரம்பம். கை ஓங்கியவன் ஊரெல்லாம் ‘சாத்திட்டேன்’ என்பான், ‘வெளுத்துட்டேன்’ என்பான். வாங்கியவனுக்கு ‘அடிச்சிட்டான்’ என்பதற்குமேல் வாய் வராது. கராத்தே வகுப்பில் ‘பஞ்ச்’ என்று கத்தினால் பெற்றவர்கள் போட்டோ எடுக்கிறார்கள். ‘குத்து’ என்று கத்திப் பார்க்கட்டும், பிள்ளையை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

மேனேஜர் நடுவாக ஒன்றைக் கண்டுபிடித்தார். “‘கை பட்டது’ன்னு போட்டுக்கலாமாம்மா?”

நல்ல சொல்தான். பஸ் கூட்டத்தில் கை படும். யாருடைய கை என்று யாரும் கேட்பதில்லை.

“வேணாம் சார். கை பட்டதுக்கா இவ்ளோ பேஜார் பண்ணாள்னு நான் வந்து போற ஒடுகத்தூர் வேன் முழுக்கப் பேசுவாங்க. நாளைக்கு இன்னொருத்தி மண்டையிலயும் படும்.”

“இப்ப இன்னாதாம்மா பண்ணச் சொல்ற?”

அவள் எழுந்தாள். சூப்பர்வைசரின் நாற்காலிக்கு முன்னால் போய் நின்று கையை ஓங்கினாள். பிளாக் பெல்ட் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு முழங்கால்வரை குனிந்தது.

கை இறங்கவில்லை.

“எழுதிக்குங்க சார்” என்றாள். ஓங்கிய அந்தக் கையாலேயே ஏப்ரனைச் சரிசெய்துகொண்டு, கதவைத் திறந்து லைனுக்குப் போனாள்.